பழைய தபாலாபீஸ் தெருவில் நாலு பத்து

ஆவாரங்கரடு பேரூராட்சிக்கு முப்பத்துநாலு தெருக்கள். அதில் முப்பத்துமூன்று தெருக்களில் பொழுது எப்போதும் போல விடிந்து எப்போதும் போல இறங்கிக்கொண்டிருந்த ஏழு மாத காலம், பதினேழாவது தெருவான பழைய தபாலாபீஸ் தெருவில் மட்டும் மணி நாலு பத்தாகவே நின்றது. அதுவும் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் நாலு பத்து, மழை விட்டு வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்த நாலு பத்து. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நாங்கள் அந்தத் தெருவில் துணி காயப்போட்டவர்கள், வடகம் பிழிந்தவர்கள், அந்த வெயிலில் நின்று டீ குடித்தவர்கள். எங்களுக்கு யாரிடமும் சத்தியம் செய்யவேண்டிய அவசியம் இல்லை.

காரணம் கேட்டால் பேரூராட்சி அலுவலக மாடியில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டுவோம், அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது. அதில் ஓடியது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதைக் கட்டி மேய்த்தவன் சென்னியப்பன், நாற்பத்தாறு வயது, அதிர்ந்து பேசாத ஆள், பழைய தபாலாபீஸ் தெருவிலேயே எட்டாம் நம்பர் வீடு. தெருவிளக்குகளைத் தெருவாரியாகச் சாயங்காலம் ஏற்றவும் காலையில் அணைக்கவும் ஒரு கம்பெனி 'ஒளிநேரம்' என்று ஒரு பேக்கேஜ் எழுதித் தந்திருந்தது, அதன் புதுப் பதிப்பை அந்தச் செவ்வாய்க்கிழமை போட வேண்டியிருந்தது. கரண்ட் போனால் தாங்குகிற யு.பி.எஸ். பேட்டரி முழுதாக ஏற மணி மூன்றேகால் ஆகிவிடும். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், நாலரை வரைக்கும் எதையும் தொடங்கக் கூடாது. நாலரைக்கு மேல் தொடங்கினால் வீட்டுக்குப் போக நேரமாகிவிடும், வீட்டில் அவன் மனைவி கலாமணி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஆகவே இரண்டு ஐம்பத்தைந்துக்கு, பாதி பேட்டரியில், மனசுக்குள் முருகனை நினைத்துக்கொண்டு, தொடரலாமா என்று கேட்ட திரைக்கு ஆமாம் என்று தட்டினான். நல்ல நேரத்தில் தொடங்கிவிட்டால் நடுவில் ராகு காலம் வந்தாலும் தோஷமில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம், அவன் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

கலாமணிக்குக் கர்ப்பப்பையில் புற்று. ஒன்றரை வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். பிள்ளை கிடையாது, அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தி எட்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிற அரசு நர்ஸ் ரோசலின் சிஸ்டர் அன்றைக்கு மூன்று ஐம்பத்தைந்துக்குச் சென்னியப்பனை போனில் கூப்பிட்டு, "அண்ணா, எல்லாத்தையும் போட்டுட்டு உடனே வாங்க, பொழுது இறங்கறதுக்குள்ள முடிஞ்சிரும் போலிருக்குது" என்றார். அவன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். அப்போது கம்ப்யூட்டர் தெரு தெருவாகப் புதுப் பதிப்பை அமைத்துக்கொண்டு வந்து பதினாலாம் தெருவைத் தாண்டியிருந்தது. நாலு மணிக்குக் கரண்ட் போனது, பாதி பேட்டரி பத்து நிமிஷம் தாங்கியது, பதினேழாம் தெருவின் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தது. அவன் அங்கே இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் வேலையை முறையாக நிறுத்தியிருப்பான்.

எட்டாம் நம்பர் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பெண்கள் கலாமணியைச் சுற்றி உட்கார்ந்து பொழுது இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள், ஆண்கள் வாசலில் நின்றார்கள், எதிரில் டீக்கடை வைத்திருக்கும் மாராத்தாள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள், மறுபடி கொடுத்தாள், மூன்றாவது தடவையும் கொடுத்தாள், வெயில் சுவரில் அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. காங்கேயத்திலிருந்து சித்தப்பா ஒருத்தர் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய எரியத் தெருவுக்குள் நுழைந்து, "வெளிய நல்ல இருட்டு, இங்கென்ன இப்படி வெயிலடிக்குது" என்று கேட்டுவிட்டு, மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது இறங்கவில்லை. பொழுது இறங்காததால் கலாமணியும் சாகவில்லை. மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேலை இருக்கிறது, சொல்லி அனுப்புங்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

எங்களுக்குப் பழகிவிட்டது. பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் இருட்டு; பிள்ளைகள் ஒரு காலை வெயிலிலும் ஒரு காலை இருட்டிலும் வைத்துக்கொண்டு நொண்டி விளையாடினார்கள். அரைத்து வைத்த மாவு அந்தத் தெருவில் புளிக்கவில்லை, உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது, மல்லிகை மொட்டு மொட்டாகவே நின்றது, ஆகவே பெண்கள் மாவுக் குண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவான கிணற்றுத் தெருவுக்குப் போய் யார் வீட்டிலாவது ஒரு ராத்திரி வைத்துவிட்டு வந்தார்கள். வெயிலில் தூக்கம் வராததால் ஆண்களும் பெண்களும் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அதே கிணற்றுத் தெருவுக்குத் தூங்கப் போனார்கள், கிணற்றுத் தெருக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தாலும் இடம் கொடுத்தார்கள். தெருவுக்குள் கால் வைத்த யாருக்கும் டீ குடித்து எதையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது, நாலு பத்துக்கு அப்படித்தானே இருக்கும், மாராத்தாளுக்கு வடைச் சட்டியை இறக்கவே நேரம் கிடைக்கவில்லை. நிறைமாதமாக இருந்த தையற்கடைக்காரர் மருமகளுக்குப் பத்து நாளாகியும் வலி எடுக்கவில்லை. கிணற்றுத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்ததும் அன்றைக்கே பெண் குழந்தை பிறந்தது.

சிக்கல் என்னவென்றால் அது செவ்வாய்க்கிழமை ராகு காலம். தெருவுக்கே ஓயாத ராகு காலம். யாரும் அங்கே நல்ல காரியம் எதையும் தொடங்கவில்லை, பெண் பார்க்க வந்தவர்களை டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பெண்ணை வெளியே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள், புது வண்டி வாங்கியவர்கள் தெருவுக்குள் எஞ்சினை முடுக்காமல் உருட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் அதே செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில்தான் துர்க்கைக்கு எலுமிச்சை மூடியில் விளக்குப் போடுவார்கள். அந்தத் தெருவின் பிள்ளையார் கோயிலில் ஒரு துர்க்கை இருந்தாள், அதுவரை வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். இப்போது எந்தக் கிழமையிலும் எந்த வேளையிலும் வந்தால் ராகு காலம் என்று தெரிந்ததும் தாராபுரம், கரூர் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள், கல்யாணம் ஆகாதவர்களும் பிள்ளை இல்லாதவர்களும் புருஷன் சரியில்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள், விளக்கில் ஊற்றிய நெய் அந்தத் தெருவில் குறைவதே இல்லை என்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். படத்தில் சாயங்கால வெயிலில் ஒரு தெரு இருந்தது, அவ்வளவுதான், இதை வைத்து என்ன எழுதுவது என்று அவர் வடை தின்றுவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை நடந்தபோதும் எட்டாம் நம்பர் வீட்டில் சென்னியப்பன் சந்தோஷமாக இருந்தான். அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. காலையில் ஆபீஸ் போய்ச் சாயங்காலம் திரும்பிச் சாயங்காலத்துக்குள்ளேயே நுழைந்தான், மாராத்தாளிடம் இரண்டு டீ வாங்கி ஒன்றை ஆற்றிக் கலாமணியின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான், ஆபீஸ் கதையைச் சொன்னான், அவள் தலைமுடியைச் சிக்கெடுத்தான். தூங்க அவன் கிணற்றுத் தெருவுக்குப் போனதில்லை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அவள் கட்டிலோரம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். சாகப் போகிறாள் என்று சொல்லப்பட்ட மனைவி நாலு பத்துக்கும் நாலு பத்துக்கும் நடுவில் உயிரோடு இருந்தாள், அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆபீஸில்தான் தொல்லை. நடுவாசலில் சிக்கிக்கொண்ட கட்டிலைப் போல 'ஒளிநேரம்' கம்ப்யூட்டருக்குள் பாதி நுழைந்து பாதியில் நின்றுவிட்டது, அதைத் தாண்டி வேறு எந்த பேக்கேஜையும் உள்ளே கொண்டுவர முடியவில்லை. மாவட்டத்திலிருந்து எதை அனுப்பினாலும், முதலில் அங்கே பாதியில் கிடப்பதைச் சரி செய் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். செயல் அலுவலர் ஜெயசுதா மேடம் மாயவரம் பக்கத்துக்காரர், கறாரான ஆள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாவட்டக் கூட்டத்தில் திட்டு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் சென்னியப்பனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அவன் அவர் கண் முன்னாலேயே நீக்கு என்று கட்டளை கொடுப்பான், திரையில் நாலு வரி வரும்.

"என்ன சென்னியப்பன் சொல்லுது?"

"பேக்கேஜ் ரொம்ப மோசமான நிலைமையில இருக்குதாமுங்க மேடம். எடுக்கறதுக்கு முன்னாடி மறுபடி ஒருக்கா முழுசாப் போடச் சொல்லுதுங்க."

"வேண்டாம்னு தூக்கிப் போடற சாமானை எதுக்கு மறுபடி போடணும்?"

"அதோட முறை அதுங்க மேடம்."

"சரி, போடுங்க."

"போடறதுக்கு அந்த ஃபைல் இல்லீங்க. எழுதிக் குடுத்த கம்பெனிய மூடிட்டாங்க."

மேடம் திரையை முறைத்துவிட்டுப் போய்விடுவார். பேக்கேஜ் பாதியில் நின்றதால் தெரு நின்றது, பேக்கேஜ் போனால் தெரு நகரும் என்பது மேடத்துக்கும் தெரியும், டீக்கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். என்ன பிடிவாதம் பிடித்த பேக்கேஜ் இது என்று ஊரே சொல்லிக்கொண்டது.

பிடிவாதம் பேக்கேஜுக்கு இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஏமாற்றியது போலாகிவிடும். அதை எடுக்கும் வழி சென்னியப்பனுக்கு இரண்டாவது வாரமே தெரியும். லினக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜும் வரும்போது என்ன செய்ய வேண்டும், போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று சின்னச் சின்னக் குறிப்புகளைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்திருக்கும். 'ஒளிநேரம்' போவதற்கு முன் முப்பத்துநாலு தெரு விளக்குகளிடமும் நான் போகிறேன் என்று சொல்லி, ஒவ்வொன்றிடமும் பதில் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்று அதன் குறிப்பில் இருந்தது. பதினேழாம் தெரு விளக்கு பதில் சொல்லவில்லை. அந்தக் குறிப்பைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, எல்லாம் சரி என்று பொருள்படும் ஒற்றை வரியை எழுதிவைத்துவிட்டுக் கட்டாயப்படுத்தினால் பேக்கேஜ் அதை நம்பிப் போய்விடும். இரண்டு நிமிஷ வேலை. சென்னியப்பன் குறிப்பைத் திறந்து படித்தான், ஒரு எழுத்தையும் தொடாமல் மூடினான், திங்கட்கிழமை மேடத்திடம் வழியில்லை என்று சொன்னான். பொய்யே சொல்லிப் பழகாதவன் ஏழு மாதத் திங்கட்கிழமைகளிலும் அதைச் சொன்னான்.

மாராத்தாளின் அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். அவள் ஒருநாள் போனில் இந்த பேக்கேஜ் விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொல்ல, அவன் சிரித்துவிட்டு, "இதுக்கா சித்தி இத்தனை மாசம்? அஞ்சு நிமிசத்துல எடுத்தர்லாமே" என்று எப்படி என்பதையும் சொன்னான். மாராத்தாள் போனை வைத்துவிட்டு எட்டாம் நம்பர் வீட்டைப் பார்த்தாள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள், இரண்டு சுற்று டீ முடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்த பிறகும் யாரும் மேடத்திடம் போகவில்லை, திங்கட்கிழமை மனு நாளில் ஒருத்தரும் மனு எழுதவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுத் தெருவுக்கு நடப்பதையும் மாவுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு அலைவதையும் முன்னைவிடச் சத்தமில்லாமல் செய்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் அற்பக் காரணத்துக்கெல்லாம் சண்டை போடுகிறவர்கள், குழாயடியில் மண்டை உடைந்திருக்கிறது, இதைச் செய்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

வைகாசியில் ஒருநாள் ரோசலின் சிஸ்டர் சென்னியப்பனை டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், ஊரின் மற்ற தெருக்களைப் போல நடுப்பகலாக இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"அண்ணா, அக்கா கையில தோலுக்கடியில ஒரு கட்டி நிக்குதே, பாத்தீங்களா?"

"பாத்தனுங்க சிஸ்டர்." அவரைக்கொட்டை அளவு இருக்கும் அந்தக் கட்டி. அவன் தினமும் பார்த்தான், என்னவென்று ஒருநாளும் கேட்கவில்லை.

"அது அன்னிக்கு நான் போட்ட வலி ஊசி மருந்துங்கண்ணா. கரையறதுக்கு அரை மணி நேரம் வேணும். அந்த அரை மணி நேரம் அக்காவுக்கு வரவே இல்ல. அப்புறம் நான் ஊசியே போடறதில்ல, போட்டு என்ன பண்ண, சும்மா வந்து கையப் புடிச்சுட்டு உக்காந்துட்டுப் போறேன். நாலு பத்துக்கு என்ன வலி இருந்துச்சோ அதே வலி இப்பவும் இருக்குது."

"எங்கிட்டச் சிரிச்சுத்தானுங்களே பேசறா."

"நீங்க ஆபீஸ் போற வரைக்கும் சிரிப்பாங்க. நீங்க போனதும் தலகாணியக் கடிச்சுக்குவாங்க, சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. மூணு உறை கிழிஞ்சு போச்சு. மாராத்தாக்காதான் யாருக்கும் தெரியாம தெச்சுக் குடுக்கறாங்க." சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதைச் சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க. சொல்லிட்டேன்."

சென்னியப்பன் வீட்டுக்குப் போனான். கலாமணி தூங்காத கண்களை மூடிக்கொண்டிருந்தாள். அவன் அவள் தலையை மெதுவாகத் தூக்கித் தலையணையைத் திருப்பிப் பார்த்தான், உறையின் அடிப்பக்கம் நெடுக வெள்ளை நூலில் தையல் ஓடியிருந்தது.

"பாத்துட்டீங்களா" என்றாள் கலாமணி.

"ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா நீங்க போயி எடுத்துப் போடுவீங்க."

"எடுக்க முடியும்னு உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியுமுங்க." அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "முதல்ல எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. நீங்க டீ வாங்கிட்டு வருவீங்க, பக்கத்துல உக்காருவீங்க, தலை வாரி உடுவீங்க. கல்யாணமாகி இருபது வருசத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பேசுனதே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நானும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். இப்ப முடியலீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு என்னைச் செவ்வாய்க்கிழமையிலயே வெச்சிருப்பீங்க?"

அவன் அழுதான். ஏழு மாதமாக அழாத அழுகை, வெயிலடிக்கிற வீட்டில், கதவைக்கூடச் சாத்தாமல், குழந்தையைப் போல வாய்விட்டு அழுதான். எதிரே மாராத்தாள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"நீ போயிட்டா நான் என்ன புள்ள பண்ணுவேன்?"

"சோறாக்கிச் சாப்பிடுங்க. மாராத்தாக்கா ரெண்டு நாளைக்குக் குடுப்பா, அதுக்கு மேல கேக்கக் கூடாது, நீங்களேதான் ஆக்கோணும்."

"ஆபீஸ்ல வேற யாரையாச்சும் விட்டு எடுக்கச் சொல்லிட்டு நான் உன்ற பக்கத்துலயே இருக்கறேன். நான் அங்க இருக்கறப்ப நீ போயிட்டீன்னா…" வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் செய்யவும் முடியாது. அந்தத் தெருவில் உட்கார்ந்து கொடுக்கிற கட்டளை மாவு புளிக்காதது போல முடியாமலே நிற்கும்.

"வேண்டாமுங்க. அந்தப் பாரத்தை இன்னொருத்தர் தலையில வெக்காதீங்க. கிணத்துத் தெருவுக்கும் என்னையத் தூக்கிட்டுப் போக வேண்டாம், நான் என்ற வீட்டுலயேதான் போகோணும். நீங்களே செஞ்சுட்டு ஓடி வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இருப்பேன்."

அன்று சாயங்காலமே சென்னியப்பன் ஆபீஸ் மாடியேறினான். அன்றைக்கு ராகு காலம் எப்போது என்று அவன் பார்க்கவில்லை. ஜெயசுதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னான், இரண்டாவது வாரமே வழி தெரியும் என்பதையும், இத்தனை திங்கட்கிழமை பொய் சொன்னதையும், வேலையை விட்டு எடுத்தால் எடுங்கள் என்பதையும் சொன்னான். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாவட்டக் கூட்டத்தில் நின்றுகொண்டே திட்டு வாங்கிய அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க எழுதி வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க சென்னியப்பன். கடைசி பட்டனை நான் அழுத்தறேன்."

"வேண்டாங்க மேடம். என்னையே செய்யச் சொல்லியிருக்கறா."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய், ஜீப்பை மாடிப்படியை ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கும்படி டிரைவரிடம் சொன்னார். மாடியில் சென்னியப்பன் குறிப்பைத் திறந்தான். விளக்குகளிடம் விடைபெறும் முப்பத்துநாலு வரிகளையும் அழித்தான். எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, எல்லாம் சரி என்று பொருள்படும் ஒற்றை வரியை எழுதினான், எழுதிவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கட்டாயமாக நீக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தான். தொடரலாமா என்று திரை கேட்டது. கீழே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே மற்ற முப்பத்துமூன்று தெருக்களில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அவன் கை மேசையில் கிடந்தது, அந்தக் கையைத் தூக்குவது போல ஒரு கனமான வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. ஆமாம் என்று தட்டினான். முதல் தெரு நீக்கப்பட்டது, இரண்டாம் தெரு நீக்கப்பட்டது என்று வரிகள் ஓடத் தொடங்கியதும் மீதியைப் பார்க்காமல் படியிறங்கி ஓடினான்.

ஜீப் டிரான்ஸ்பார்மரை எட்டியபோது வெயிலுக்கும் இருட்டுக்கும் நடுவில் இருந்த கோடு அங்கே இல்லை. தெருவில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஏழு மாதம் ஒரே இடத்தில் நின்ற வெயில் மேலேறி, ஓட்டு விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, போனது. வீடு வீடாக எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், நாங்களும் நின்றோம், கையில் பிள்ளையோடு தையற்கடைக்காரர் மருமகள் நின்றாள். ஏழு மாதத்து மல்லிகை மொட்டுக்கள் அத்தனையும் ஒன்றாக வெடித்த வாசனை மூச்சை அடைத்தது, யார் வீட்டிலோ மாவு பொங்கிக் குண்டாவை மூடிய தட்டு சரிந்து விழுந்த சத்தம் கேட்டது, யாரும் அதை எடுத்து வைக்கப் போகவில்லை. 'ஒளிநேரம்' போய்விட்டதால் தெருவிளக்கு எரியவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் நாங்கள் ஓரமாக விலகி நின்றோம், அவன் இறங்கி எங்கள் நடுவில் ஓடினான்.

உள்ளே கலாமணியின் கையைத் தடவிக்கொண்டிருந்த ரோசலின் சிஸ்டர் எழுந்து வழிவிட்டார். "கட்டி கரைஞ்சிருச்சுங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து எங்களோடு நின்றுகொண்டார். இதன் பிறகு உள்ளே நடந்ததைச் சென்னியப்பன் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான்.

அவள் நெற்றிச் சுருக்கம் போயிருந்ததாம். கல்யாணத்தன்று பார்த்த முகம் என்று சொன்னான். அவன் பழக்கத்தில் சுவரில் சுவிட்சைத் தேட, கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"விளக்கப் போடாதீங்க. கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கட்டும்."

அவன் அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலில் தொங்கவிட்டிருந்த போர்வையை இழுத்துக் கீழே போட்டான், உள்ளே வந்த இருட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வலிக்குதா புள்ள?"

"இல்லீங்க. தூக்கம் வருது." ஏழு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் தூக்கம் அது. "தூங்கட்டுங்களா?"

"தூங்கு புள்ள. நான் ஆக்கிச் சாப்பிட்டுக்கறேன்" என்றான். அவள் விரல் அவன் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தியது.

வெளியே நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். எட்டாம் நம்பர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதால் ஏழாம் நம்பர்க்காரர்கள் விளக்குப் போடவில்லை, அவர்களைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்களும் போடவில்லை, கோயில் பூசாரியும் நடை விளக்கை ஏற்றாமல் படியில் வந்து உட்கார்ந்தார், அப்படியே தெரு முழுவதும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் கிடந்தது. அந்த இருட்டில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை.

அவள் கை சில்லிட்ட பிறகும் சென்னியப்பன் கொஞ்ச நேரம் அதை விடவில்லை. அப்புறம் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எழுந்து, சுவரைத் தடவிப் போய் விளக்கைப் போட்டான். எட்டாம் நம்பர் ஜன்னலில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் மாராத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.